கணுக்காலும் கடமையும்

வெள்ளிக்கிழமை இரவு. உணவகத்தின் குசினியில் ஓடர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்துகொண்டிருக்கின்றன. கொதிநீர்ப் பானையை இறக்கிக்கொண்டு திரும்புகிறார் ஒருவர். தரையிலே சிந்திக் கிடந்த எண்ணெயில் கால் வழுக்குகிறது. பானையைக் காப்பாற்றிவிடுகிறார், பாதம் உட்பக்கமாக மடிகிறது. "ஒண்டுமில்லை அண்ணை, சுளுக்குத்தான்" என்று சிரித்துக்கொண்டே சப்பாத்தின் கயிற்றை இறுக்கிக் கட்டி, நள்ளிரவு வரை கோப்பையும் கழுவி முடித்துவிட்டே வீட்டுக்குப் போகிறார்.

அவருக்குப் பெயர் வேண்டாம். ஜேர்மனியில் எம்மவர் வேலை செய்யும் எந்த நகரத்துக் குசினியிலும், பொதிகள் ஏற்றும் களஞ்சியத்திலும், துப்புரவுப் பணியிலும், முதியோர் இல்லத்திலும் அவரைக் காணலாம். இரண்டு மாதம் கழிந்த பின்னும் பின்னேரமானால் அவருடைய கணுக்கால் வீங்குகிறது. மாடிப்படி இறங்கும்போது கால் தன்பாட்டில் மடிகிறது. "இஞ்சாருங்கோ, உந்தக் காலோட இண்டைக்கும் போகப் போறீங்களோ?" என்று மனைவி கேட்கிறார். "போகாட்டி ஆர் சம்பளம் தாறது?" என்பது பதில்.

இந்த வினாவும் விடையும் எத்தனையோ வீடுகளில் நடக்கின்றன. வினாவில் உள்ள அக்கறையும் உண்மை. விடையில் உள்ள அச்சமும் உண்மை. ஆனால் அந்த அச்சத்திற் பெரும்பகுதி, இந்த நாட்டின் சட்டத்தை அறியாமையால் வருவது. மீதிப் பகுதி, கணுக்காலின் இயல்பை அறியாமையால் வருவது. இரண்டையும் ஓரளவு அறிந்துகொண்டால், காலையும் காக்கலாம், வேலையையும் காக்கலாம்.

சுளுக்கு என்றால் என்ன?

கணுக்கால் மூட்டின் வெளிப்பக்கத்தில், எலும்பை எலும்போடு பிணைக்கும் மூன்று இணைநார்கள் உள்ளன. பாதம் உட்புறமாக மடியும்போது முதலில் இழுபடுவது முன்பக்கத்து நார். விசை கூடினால் அது கிழியும். இன்னும் கூடினால் அடுத்த நாரும் கிழியும். ஆகவே "சுளுக்கு" என்று இலேசாகச் சொல்லப்படுவது, பல வேளைகளில் ஒரு நாரின் கிழிவே ஆகும்.

கிழிந்த நார் மூன்று படிகளில் ஆறுகிறது. முதற்படி வீக்கமும் சூடும். இது சில நாள்களுக்கு நீடிக்கும். இரண்டாவது படியில் உடல் புதிய நாரிழைகளை நெய்யத் தொடங்குகிறது. இதற்கு ஏறத்தாழ ஆறு வாரம் செல்லும். மூன்றாவது படியில், ஒழுங்கில்லாமல் நெய்யப்பட்ட இழைகள் பாரம் தாங்கும் திசையில் ஒழுங்காகி உறுதி பெறுகின்றன. இதற்குப் பல மாதங்கள், சிலருக்கு ஓர் ஆண்டுகூடச் செல்லும்.

இங்கேதான் ஏமாற்றம் பிறக்கிறது. நோவு இரண்டு மூன்று வாரத்திலேயே பெருமளவு குறைந்துவிடும். நாரோ இன்னும் பாதி நெய்த துணியாகவே இருக்கும். நோவு போனதும் கால் சுகமாகிவிட்டதென்று எண்ணி ஒருவர் பத்து மணி நேரம் நின்று வேலை செய்தால், அந்த அரைகுறை நெசவு மீண்டும் இழுபடுகிறது. நார் நீண்டு தளர்ந்தபடியே ஆறுகிறது. அத்துடன் மூட்டைச் சுற்றியுள்ள நரம்புகள் "கால் இப்போது எந்தக் கோணத்தில் இருக்கிறது" என்று மூளைக்குச் சொல்லும் திறமையும் மழுங்கிப்போகிறது. அதனாலேயே ஒருமுறை மடிந்த கால் மறுமுறையும் மடிகிறது.

முதல் நாள்களில் செய்ய வேண்டியவை

காலைச் சற்று உயர்த்தி வைத்தல், இறுக்கமில்லாத கட்டு, சில நாள்கள் பாரத்தைக் குறைத்தல், இவை போதும். ஐஸ்கட்டியைத் துவாயிற் சுற்றிப் பதினைந்து நிமிடம் வைத்தால் நோவு தணியும். ஆனால் அது நாரை விரைவில் ஆற்றும் என்று எண்ண வேண்டாம். ஊரிலே முறிவு நெரிவு வைத்தியர் பத்துப் போட்டு, மட்டை வைத்துக் கட்டி, "இத்தனை நாள் அசைக்காதே" என்று சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. ஆனால் முதல் இரண்டு மூன்று நாள்களில் எண்ணெய் பூசி அழுத்தி உருவுவதும், சுடுநீர் ஒத்தடம் கொடுப்பதும் வீக்கத்தைக் கூட்டக்கூடியவை. அவற்றைத் தவிர்க்க வேண்டும்.

எக்ஸ்றே எப்போது தேவை? 1992இல் கனடாவின் ஒட்டாவா நகர வைத்தியர்கள் இதற்கு ஓர் எளிய வழியை வெளியிட்டார்கள். உலகெங்கும் இன்று அது பின்பற்றப்படுகிறது. அடிபட்ட உடனேயும், வைத்தியரிடம் போன பின்னும், நான்கு அடி எடுத்து வைக்க முடியாவிட்டால் படம் எடுக்க வேண்டும். கணுக்காலின் இரு பக்கத்து மொளி எலும்புகளில் பின்விளிம்பையோ நுனியையோ அழுத்தும்போது நொந்தாலும் எடுக்க வேண்டும். பாதத்தின் வெளிவிளிம்பில், சின்னவிரலுக்கு நேரே நடுப்பகுதியில் துருத்தி நிற்கும் எலும்பிலும், உட்பக்கத்தில் கணுக்காலுக்குச் சற்று முன்னே உள்ள எலும்பிலும் நோவு இருந்தாலும் அப்படியே. "நடக்க முடிகிறது, ஆகவே முறியவில்லை" என்ற பழைய நம்பிக்கை எப்போதும் சரியாக இராது.

மியூனிச் மைதானம் தந்த பாடம்

உதைபந்தாட்டம் பார்க்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் மார்க்கோ வான் பாஸ்டனின் பெயர் தெரிந்திருக்கும். 1988 யூன் 25ஆம் திகதி மியூனிச் ஒலிம்பிக் மைதானத்தில், ஐரோப்பியக் கிண்ண இறுதியாட்டத்தில், சோவியத் அணிக்கு எதிராக அவர் அடித்த கோல் இன்றும் பேசப்படுகிறது. ஆனால் அதற்கு முன்பே, 1986 டிசம்பரில், அவருடைய கணுக்கால் காயப்பட்டிருந்தது. காயத்தோடேயே அந்தப் பருவத்தின் முக்கிய ஆட்டங்களை ஆடினார். பின்னர் சத்திரசிகிச்சைகள் தொடர்ந்தன. 1993 மே 26ஆம் திகதி, அதே மியூனிச் மைதானத்தில், மிலான் அணிக்காக அவர் ஆடியதே கடைசி ஆட்டமாயிற்று. அப்போது அவருக்கு வயது 28. இரண்டு ஆண்டுகள் முயன்றும் முடியாமல் 1995 ஓகஸ்டில் ஓய்வை அறிவித்தார்.

உலகின் சிறந்த வைத்தியர்களும் பணமும் பக்கத்தில் இருந்த ஒருவருக்கே மூட்டின் குருத்தெலும்பு தேய்ந்துவிட்டால் திருப்பித் தர எவராலும் முடியவில்லை. கோப்பை கழுவுபவரின் கணுக்கால் அதைவிட வலிமையானதல்ல. அவருக்கும் பந்தாட்டக்காரருக்கும் ஒன்று பொது: இருவருடைய பிழைப்பும் காலில் நிற்கிறது.

சம்பளம் யார் தருவது?

இனி மனைவியின் கேள்விக்குக் கணவர் சொன்ன பதிலைப் பார்ப்போம்.

இந்த நாட்டிலும் ஒரு காலத்தில் நிலைமை அவர் அஞ்சியபடியேதான் இருந்தது. நோயுற்றால் அலுவலக எழுத்தருக்கு ஆறு வாரச் சம்பளம் முழுமையாகக் கிடைத்தது. தொழிற்சாலையில் உடலுழைப்பவருக்கோ முதல் மூன்று நாள்களுக்கு ஒன்றும் இல்லை, அதன்பின் காப்புறுதி தரும் குறைந்த தொகைதான். இந்த வேறுபாட்டை எதிர்த்து 1956 ஒக்டோபர் 24ஆம் திகதி ஜேர்மனியின் வடக்கே ஷ்லெஸ்விக் ஹோல்ஸ்டைன் மாநிலத்தில், கீல் நகரத்துக் கப்பல் கட்டும் தளங்களில் உள்ளவர்கள் உட்பட உலோகத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். 1957 பெப்ரவரி வரை, 16 வாரம், குளிர்காலம் முழுவதும் அது நீடித்தது. முடிவில் 30,000க்கு மேற்பட்டோர் அதில் நின்றார்கள். அதே ஆண்டில் முதற்சட்டம் வந்தது. படிப்படியாக முன்னேறி, 1970 சனவரி 1 முதல் தொழிலாளருக்கும் ஆறு வாரச் சம்பளம் உரிமையாயிற்று. 1996இல் அது 80 வீதமாகக் குறைக்கப்பட்டு, 1999இல் மீண்டும் முழுமையாக்கப்பட்டது.

அந்தக் குளிர்காலத்தில் நின்றவர்கள் வாங்கித் தந்த உரிமை, பின்னர் இந்த நாட்டுக்கு வந்த எம்மவருக்கும் சொந்தம். அதைப் பெறுவது பிச்சையும் அல்ல, ஏமாற்றும் அல்ல. 1980களில் தஞ்சம் கோரி வந்தவர்களுக்கு வேலை செய்யும் அனுமதியே நீண்ட காலம் மறுக்கப்பட்டிருந்தது. கிடைத்த வேலையை இறுகப் பிடித்துக்கொள்ளும் பழக்கம் அப்போது பிறந்தது. காரணம் போய்விட்டது, பழக்கம் மட்டும் தங்கிவிட்டது.

இன்றைய நிலை சுருக்கமாக இதுதான். வேலையிற் சேர்ந்து நான்கு வாரம் கடந்த எவருக்கும், வைத்தியர் சுகயீனப் பத்திரம் கொடுத்தால், ஆறு வாரம் வரை முழுச் சம்பளத்தை முதலாளி கொடுக்க வேண்டும். மினிஜொப் செய்பவருக்கும் இது உண்டு. ஆறு வாரத்துக்குப் பின் கிராங்கன்காஸ எனப்படும் மருத்துவக் காப்புறுதி, மொத்தச் சம்பளத்தின் 70 வீதத்தை, கைக்கு வரும் சம்பளத்தின் 90 வீதத்துக்கு மேற்படாமல், கொடுக்கும். ஒரே நோய்க்கு மூன்று ஆண்டுகளில் 78 வாரம் வரை இது செல்லும். மினிஜொப் மட்டும் செய்பவருக்கு இந்த இரண்டாவது உதவி அந்த வேலையின் பேரில் இல்லை என்பதை நினைவில் வைத்தல் வேண்டும். பத்திரத்தில் என்ன நோய் என்பது முதலாளிக்குத் தெரிவிக்கப்படமாட்டாது.

"சுகயீன விடுப்பில் இருந்தால் வேலையால் நிறுத்த முடியாது" என்று சிலர் சொல்வது மட்டும் சரியன்று. சிறிய கடைகளில் பாதுகாப்புக் குறைவு. நிறுத்தற் கடிதம் வந்தால் மூன்று வாரத்துக்குள் தொழில் நீதிமன்றத்தை நாட வேண்டும். அந்த நாள் கடந்தால் உரிமையும் கடந்துவிடும்.

ஒரு சிறு பொய்யின் பெரிய விலை

குசினியில் விழுந்தவர் வைத்தியரிடம் போய், "வீட்டுப் படியில் விழுந்தேன்" என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. முதலாளிக்குக் கரைச்சல் வரக்கூடாது என்ற நல்லெண்ணம். ஆனால் வேலைத்தள விபத்துக் காப்புறுதி என்பது முதலாளிமாரே முழுக் கட்டணமும் செலுத்தி நடத்துவது. அது இருப்பதனாலேயே, சாதாரண விபத்துக்காகத் தொழிலாளி முதலாளிமேல் வழக்குப் போட வேண்டிய தேவை ஏற்படுவதில்லை. உண்மையைச் சொன்னால் முதலாளிக்கும் பாதுகாப்பு.

வேலையில் நடந்தது, அல்லது வேலைக்கு நேரே போகும்போதும் வரும்போதும் பனியில் வழுக்கியது, இரண்டுமே இதில் அடங்கும். ஆகவே முதல் நாளே உண்மையைச் சொல்லி, டி-ஆர்ஸ்ட் என்று அழைக்கப்படும் விபத்து வைத்தியரிடம் போக வேண்டும். பெரிய வைத்தியசாலைகளில் இவர்கள் இருப்பார்கள். மூன்று நாளுக்கு மேல் வேலை செய்ய முடியாவிட்டால் முதலாளி விபத்தை அறிவிக்கக் கடமைப்பட்டவர். இந்த வழியில் போனால் பிசியோதெரபிக்கும் மருந்துக்கும் கைக்காசு கொடுக்க வேண்டியதில்லை. ஆறு வாரத்துக்குப் பின் கிடைக்கும் தொகையும் கூட: மொத்தச் சம்பளத்தின் 80 வீதம், கைக்கு வரும் சம்பளத்துக்கு மேற்படாமல். இன்னும் முக்கியம், காயம் ஆறாமல் உழைக்கும் வலு 20 வீதமாவது குறைந்து அது 26 வாரத்துக்கு மேலும் நீடித்தால் ஓய்வூதியமும் உண்டு. பத்து ஆண்டு கழித்து மூட்டு தேய்ந்து நிற்கும் வேளையில், "இது அன்றைக்குக் குசினியில் வந்தது" என்று காட்ட முதல் நாட் பதிவுதான் சாட்சி. அன்று சொன்ன சிறு பொய் அந்தச் சாட்சியை அழித்துவிடுகிறது.

அத்துடன், மொழிபெயர்க்கப் பாடசாலைப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போவதைவிட, மொழி தெரிந்த வளர்ந்தவர் ஒருவரை அழைத்துச் செல்வது நல்லது. தகப்பனின் நோவைப் பிள்ளை வாயால் சொல்லும்போது தகப்பன் பாதியை மறைத்துவிடுவார்.

மீண்டும் வேலைக்குப் போவது எப்படி?

காலை மாதக்கணக்கில் அசையாமல் வைத்திருப்பதும் பிழை; ஒரே நாளில் பத்து மணி நேரம் நிற்பதும் பிழை. இடையில் ஒரு வழி இருக்கிறது. ஹம்பேர்க் முறை என்று பெயர் பெற்ற படிப்படியான வேலைத் திரும்புகை அது. வைத்தியர் ஓர் அட்டவணை எழுதுவார்: முதலில் நாளொன்றுக்கு இரண்டு அல்லது மூன்று மணி நேரம், பின்னர் நான்கு, ஆறு என்று சில வாரங்களில் முழு வேலை. அந்தக் காலத்தில் சம்பளத்துக்குப் பதில் காப்புறுதிப் பணம் தொடர்ந்து வரும். தொழிலாளியும் முதலாளியும் சம்மதிக்க வேண்டும். மேலும், ஒருவர் 12 மாதத்தில் ஆறு வாரத்துக்கு மேல் சுகயீனமாயிருந்தால், அவரை எப்படி வேலையில் வைத்துக்கொள்ளலாம் என்று கலந்து பேச முதலாளியே அழைப்பு விட வேண்டும் என்பது 2004 முதல் சட்டம்.

சட்டத்துக்கு வெளியிலும் செய்யக்கூடியவை உண்டு. மரக்கறி வெட்டும் வேலையை உயர்ந்த முக்காலியில் இருந்து செய்யலாம். பானை தூக்கும் வேலையைச் சில வாரம் இன்னொருவருடன் மாற்றிக்கொள்ளலாம். நிற்கும் இடத்தில் தடித்த றப்பர் விரிப்பு, வழுக்காத அடியுள்ள இறுக்கமான சப்பாத்து, அதற்குள் கணுக்காற் பட்டி. மற்றவர் காலும் வழுக்காதிருக்கச் சிந்திய எண்ணெயை உடனே துடைத்தல். "இண்டைக்கு என்ரை காலுக்கு, நாளைக்கு உன்ரை காலுக்கு" என்று கூட வேலை செய்பவர்கள் விட்டுக்கொடுத்தால் முதலாளியும் இணங்குவார்.

பாரம் கூடிவிட்டதா என்பதை அறிய எளிய அளவுகோல் ஒன்று: மறுநாட் காலை. வேலை முடிந்த இரவில் சிறிது வீக்கம் இருப்பது இயல்பு. காலையில் எழும்போது அது வற்றியிருந்தால் அளவு சரி. காலையிலும் வீக்கம் நின்றால், முதல்நாள் செய்தது கூடிவிட்டது. ஒரு படி இறங்க வேண்டும்.

பயிற்சியை விட்டுவிடலாகாது. பல் துலக்கும்போது சுவரைத் தொட்டபடி காயப்பட்ட காலில் மட்டும் நிற்கலாம். பழகியதும் கையை எடுத்துவிடலாம். மேசையைப் பிடித்துக்கொண்டு குதிக்காலை உயர்த்தி மெதுவாக இறக்கலாம். நாள்தோறும் பத்து நிமிடம், மூன்று மாதம். மழுங்கிய நரம்புகளை மீண்டும் கூராக்குவது இதுவே. பட்டி மட்டும் இதைச் செய்யாது. நோவுக் குளிசையை விழுங்கி நோவை மறைத்துக்கொண்டு வேலைக்குப் போவது, எச்சரிக்கை மணியைக் கழற்றிவிட்டு வண்டி ஓட்டுவது போன்றது. தொடர்ந்து எடுத்தால் வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் கேடு.

ஆறாத காலுக்குக் காரணம் உண்டு

ஆறு வாரத்தில் தெளிவான முன்னேற்றம் இல்லையென்றால், "பொறுத்துப் பார்ப்போம்" என்பது விடையன்று. முதற்படத்தில் தெரியாத வெடிப்பு இருக்கலாம். கணுக்காலுக்கு மேலே இரு எலும்புகளையும் சேர்க்கும் நார் கிழிந்திருக்கலாம். அது ஆற மற்றதைவிட நெடுநாள் எடுக்கும். மூட்டுக்குள் குருத்தெலும்பு சிதைந்திருக்கலாம். இவற்றை எம்.ஆர்.ஐ. படம் காட்டும்.

எம்மவரிடையே நீரிழிவு அதிகம். அது காயத்தின் ஆறுதலைத் தாமதிக்கும். நரம்பு மரத்துப்போனவருக்கு நோவே தெரியாது. நீரிழிவுள்ள ஒருவரின் பாதம் சிவந்து, சூடாகி, வீங்கி, ஆனால் அதிகம் நோகாமல் இருந்தால், அதைச் சுளுக்கென்று எண்ணி நடக்கக் கூடாது. பாத எலும்புகள் உள்ளுக்குள் நொறுங்கிக்கொண்டிருக்கலாம். அன்றே வைத்தியரைக் காண வேண்டும். கரிய தோலுள்ளவர்களுக்கு இந்த நாட்டுக் குளிர்கால வெயிலில் விற்றமின் டி போதிய அளவு உண்டாகாது. எலும்பு ஆறத் தாமதமானால் அதையும் சோதிப்பது நன்று. புகைத்தலும் ஆறுதலைக் கெடுக்கும். காலை அசையாமல் வைத்திருக்கும் நாள்களில் கெண்டைக்கால் வீங்கி நொந்தாலோ, திடீரென்று மூச்சு முட்டினாலோ, அது இரத்தம் உறைந்ததன் அறிகுறியாக இருக்கக்கூடும். உடனே 112ஐ அழைக்க வேண்டும்.

கோயில் வீதியில்

2002இல் குடமுழுக்குக் கண்ட ஹம் காமாட்சி அம்பாள் ஆலயத்தின் தேர்த்திருவிழாவில், கோடை வெயிலில் சூடேறிய தார் வீதியில் வெறுங்காலோடு நடக்கும் அடியார்களை எல்லோரும் அறிவர். காவடி எடுப்போரும், வடம் பிடிப்போரும், அங்கப் பிரதட்சணம் செய்வோரும் உண்டு. கணுக்கால் ஆறாதவர் இந்த ஆண்டு வடம் பிடிக்காமல் நின்றால் நேர்த்தி குறைந்துவிடுமோ என்று கலங்குவார். திருமூலர் உடம்பைப் பேணுவதையே ஒரு சாதனையாகக் கூறினார். அது ஈசன் குடியிருக்கும் இடம் என்பது அவர் கருத்து. காவடியை அடுத்த ஆண்டு எடுக்கலாம். இந்த ஆண்டு அன்னதானக் கூடத்தில் கதிரையில் இருந்து மரக்கறி நறுக்கினாலும் அதுவும் தொண்டுதான். பட்டி கட்டிய காலோடு வருபவருக்கு ஒரு கதிரை எடுத்துக் கொடுப்பது பக்கத்தில் நிற்பவரின் தொண்டு.

சுவர் இருந்தால்தான் சித்திரம் என்பார்கள். ஊருக்குக் காசு அனுப்ப வேண்டியவரும், பிள்ளைகளைப் படிப்பிக்க வேண்டியவரும், வயதான பெற்றோரைப் பார்க்க வேண்டியவரும் இன்னும் இருபது ஆண்டு நிற்க வேண்டியது அதே காலில்தான். அதற்கு இப்போது ஆறு வாரமோ மூன்று மாதமோ தவணை கொடுப்பது கடமையைத் தட்டிக் கழிப்பதாகாது. அதுவே கடமையின் முதற்பாகம்.

மனைவி அடுத்த முறை "இஞ்சாருங்கோ" என்று தொடங்கும்போது, அந்த அன்பர் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, "சரி, நாளைக்கு டொக்டரிட்டைப் போவம், குசினியிலைதான் விழுந்தனான் எண்டு சொல்லுவம்" என்று சொல்வாரானால், பாதிக் கால் அன்றே சுகமாகிவிட்டது.